ஊற்றிக் கொடுத்தவரின் பெயர்

மூலக்காட்டுப்புதூரில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த ஒருவர் தொண்டையில் சோறு சிக்கி, "மருதாசலம் எங்கப்பா, மருதாசலத்தக் கூப்புடுங்க" என்று சத்தம் போட்டால், அவர் மருதாசலம் என்ற ஆளைத் தேடவில்லை. தண்ணீர் ஜக்கோடு போகிறவர் எவரோ அவரைத்தான் தேடுகிறார். டீக்கடையில் டம்ளர் ஏந்தி வருகிறவரும் அங்கே மருதாசலம்தான், மாரியம்மன் நோன்பிக்கு மோர் ஊற்றுகிறவரும் மருதாசலம்தான், ஊற்றுவது பெண்ணாக இருந்தால் மருதாசலத்தம்மா என்று மரியாதை சேர்த்துக்கொள்கிறார்கள். வட்டார வழக்குகளைத் தொகுப்பதற்காக ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வாளர் இரண்டு நாள் தங்கி எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு போய், மருந்து ஊற்றிக் கொடுப்பவர் என்பதிலிருந்து இந்தச் சொல் மருவி வந்திருக்கலாம் என்று எழுதினார். அப்படி ஒன்றும் இல்லை. அது ஓர் ஆள். நாற்பத்தாறு வயது, அளவாக வெட்டிய மீசை, இடது காதில் சிறுவயதில் குத்திய கடுக்கன் துளை, ராமாத்தாள் என்று ஒரு மனைவி, சாகும்வரை நாக்கில் ஒரு சொட்டு சாராயம் படாத ஆள்.

பைபாஸ் ரோட்டில் அரசு மதுக்கடையும் அதன் முதுகில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பாரும் வந்தபோது, பாரை ஏலம் எடுத்த கிட்டுச்சாமி, குடிக்காத ஒருவரைத்தான் சப்ளையராகப் போடுவேன் என்று ஊர் முழுக்கத் தேடி, தறிக்குடோனில் கணக்கில்லாமல் இருமிக்கொண்டிருந்த மருதாசலத்தைக் கண்டுபிடித்தார். பஞ்சுத்தூசிக்கு இது தேவலை என்று மருதாசலம் போனார். அங்கே அவருக்கு ஒரு தனி மதிப்பு உண்டானது. முழு குவார்ட்டர் வாங்க வழியில்லாதபோது முன்பின் தெரியாத இரண்டு பேர் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வதற்குக் கட்டிங் என்று பெயர், பிரிக்கிற கை ஒரு நூல் பிசகினாலும் அங்கே மண்டை உடையும், மருதாசலத்தின் கை பிசகாது. அவர் ஊற்றிய இரண்டு டம்ளர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்து பார்த்தால் இரண்டிலும் தண்ணீர்க்கோடு ஒரே மட்டத்தில் நிற்கும். அதனால் முழு பாட்டில் வாங்கியவர்கள்கூடத் தாங்களே ஊற்றிக்கொள்ளாமல், முதல் ஊற்று மருதாசலம் கையால்தான் என்று காத்திருந்தார்கள், அது நாளடைவில் வழக்கமாகி, வழக்கம் முறையாகி, அவர் கை படாத டம்ளரைத் தொடுவது சகுனம் சரியில்லை என்று ஆகியது.

சித்திரை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு அது தொடங்கியது. தறி ஓட்டும் ரங்கசாமி வழக்கம்போல இரண்டு கட்டிங் போட்டார். வழக்கப்படி அதற்குப் பிறகு அவர், தோட்டத்தில் பங்கு கொடுக்காமல் ஏமாற்றிய அண்ணனை நினைத்து அரைமணி நேரம் அழுது, அழுகை தீர்ந்ததும் கோபம் வந்து, வீட்டுக்குப் போய் மனைவி சரஸ்வதியின் கையை முறுக்கவேண்டும். அன்றைக்கு அவருக்கு நெஞ்சு இதமாகச் சுட்டது, தோள்பட்டை வலி விட்டது, முகம் லேசாகியது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்து ஒரு கோணல் இல்லாமல் நேராக ஓட்டிக்கொண்டு போனார். அவர் போன பிறகு சுண்டல் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மருதாசலம் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து, "எங்கண்ணன் என்னிய ஏமாத்திப்போட்டானே, ஒரு சென்ட்டு எடம் குடுக்கலயே" என்று வாய்விட்டு அழுதார். மருதாசலத்துக்கு அண்ணன் கிடையாது. கிட்டுச்சாமி ஒரு டம்ளர் மோர் கொடுத்து, காற்றாட உட்காரச் சொன்னார்.

மறுநாள் லாரி ஓட்டும் காளியண்ணன் குடித்துவிட்டு அமைதியாக எழுந்து போக, மருதாசலம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து முன்னால் இல்லாத வண்டிகளையெல்லாம் வழி விடச் சொல்லிக் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒரே வாரத்தில் ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. மருதாசலம் ஊற்றியதைக் குடித்தால், இதமான இடம் வரைக்கும் போதை குடித்தவருக்கு, அதற்கு மேலே வரும் தள்ளாட்டம், அழுகை, வசவு, வாந்தி, மறுநாள் தலைவலி எல்லாம் ஊற்றியவருக்கு. ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக மழை ஏன் பெய்யவில்லை என்றும் அந்த ஊரில் யாரும் கேட்டிருக்கவில்லை.

கேட்காமலே எல்லோரும் அதற்குத் தகுந்தபடி தங்களை மாற்றிக்கொண்டார்கள். திங்கட்கிழமை ஆள் வராமல் நின்றுபோகும் தறிகள் ஓடின, முதலாளிகள் திங்கட்கிழமைக்கும் பாவு நூல் கணக்கிட்டு இறக்கினார்கள். பைபாஸில் ஊதச் சொல்லும் கருவியோடு நின்ற போலீஸ்காரர்கள் புதூர்க்காரர்கள் எல்லோரும் சுத்தமாக ஊதுவதைக் கண்டு கருவியில்தான் கோளாறு என்று சந்தேகப்பட்டு, பாருக்கு வந்து குடிக்காத ஓர் ஆளை ஊதச் சொல்லிச் சோதிக்கலாம் என்று மருதாசலத்தின் வாயில் வைத்தபோது, அது ஓர் எண்ணைக் காட்டி அதோடு நின்று, பிறகு வேறு எவருக்கும் எந்த எண்ணையும் காட்டவில்லை. வீடுகளில் சட்டி பானைகள் நெளியாமல் இருந்தன. பெண்கள் சாயங்காலம் தறி விட்டு வரும்போது பாரின் பக்கச் சுவரில் இருந்த கம்பி ஜன்னலருகே நின்று, தங்கள் கணவன்மார் வீட்டில் வந்து பேசியிருக்க வேண்டியதை மருதாசலம் பேசக் கேட்டுவிட்டுப் போகப் பழகினார்கள்.

"ஏனுங்க்கா, இது ஆரு?"

"எங்கூட்டு ஆளுதான். சோத்துல உப்பில்லங்குது பாரு."

"நெசமாலுமே உப்புப் போட மறந்துட்டீங்களா?"

"மறந்துதான் போனன். வூட்டுல ஒண்ணுஞ் சொல்லாம உண்டுபோட்டுத்தான் கெளம்புனாரு."

"இங்க வந்து வெய்யறதுக்குப் பத்தரமா முடிஞ்சு கொண்டாந்திருக்கறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த முதல் மாதத்தில் அவர்களோடு நின்று ராமாத்தாளும் சிரித்தாள். தன் கணவன் வாயிலிருந்து சரஸ்வதி கணவனின் அழுகை அச்சுப் பிசகாமல் வருவதைக் கேட்டு, கண்ணில் நீர் வர, சரஸ்வதியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது அது பெரிய பாரமாகத் தெரியவில்லை. மருதாசலம் பேசி முடித்து, வாந்தி எடுத்து, வீட்டுக்கு வந்து படுத்தால் வெடியால எழுந்துகொள்வார், தலை வலிக்கிறது என்பார், கொத்தமல்லிக் காப்பி கேட்பார், பதினொன்றரைக்குச் சட்டை போட்டுக்கொள்வார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். ராமாத்தாள்தான் புதூர் மகளிர் குழுவின் செயலாளர். அந்த மதுக்கடையை மூடவேண்டும் என்று தை மாதம் முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களிடம் கையெழுத்தும் ரேகையும் வாங்கி மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுத்தவள் அவள்தான், புருஷன் அதே கடையின் பாரில் வேலை பார்க்கும்போதே கொடுத்தாள், அவரும் தடுக்கவில்லை. தறிக்கு ஓடும் பெண்களை நிறுத்தி மனுவை வாசித்துக் காட்ட நேரம் இராது என்பதால் முதலில் வெள்ளைத்தாளில் கையெழுத்துகளை வாங்கிக்கொண்டு, பிறகு சாவகாசமாக உட்கார்ந்து மேலே விஷயத்தை எழுதுவது அவள் வழக்கம். குழுவில் எல்லோருக்கும் அது தெரியும். ராமாத்தாக்கா எழுதினால் நமக்கு நல்லதாகத்தான் எழுதுவாள் என்று இருந்தார்கள். வைகாசியில் சரஸ்வதி வந்து, "அக்கா, கடைய மூடறம்னு ஆப்பீசுல இருந்து அளக்க வந்திருக்கறாங்க. இப்ப மூடிப்போட்டா இந்த ஆம்பளைங்க அடுத்த ஊருக் கடைக்குப் போயிருவாங்க. அங்க ஆரு இருக்கறாங்க, நம்மண்ணனாட்ட?" என்று கேட்டபோது, ராமாத்தாள் இரண்டு நாள் யோசித்தாள், பிறகு மனுவைத் திரும்பப் பெறும் கடிதத்தைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள்.

ஆடி பிறந்தபோது மருதாசலத்தின் கண் மஞ்சளாகியது. கால் வீங்கியது, வயிறு பெரிதாகியது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"குடிக்கறதில்லீங்க."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. அம்மா, நீங்க சொல்லுங்க."

"நெசமாத்தானுங்க. அவுரு ஊத்தித்தான் குடுக்கறாரு."

மருத்துவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. குடியை உடனே நிறுத்தவேண்டும் என்று சீட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். ராமாத்தாள் அந்தச் சீட்டைக் கிட்டுச்சாமியிடம் காட்டி மூன்று நாள் லீவு கேட்டாள். அவர் தாராளமாகக் கொடுத்தார், இளநீர்கூட வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்த மூன்று நாளில் வேறொருவர் ஊற்றினார், போதை முன்பு போலவே குடித்தவர்களோடு போயிற்று. இரண்டு மாதம் வராமல் இருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது போல இருந்தது என்று பின்னால் சொன்னார்கள். ஒருவர் கிணற்று மேட்டில் விழுந்தார், ஒருவர் தன் வீட்டுக் கூரையைத் தானே கொளுத்தினார், ரங்கசாமி சரஸ்வதியின் வலது கையை முறுக்கியபோது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது. நான்காம் நாள் காலை பத்து மணிக்குச் சரஸ்வதி கட்டுப்போட்ட கையோடு ராமாத்தாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. மருதாசலம் பாயில் உட்கார்ந்தபடி அவளையும் அவள் கையையும் பார்த்துவிட்டு, கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார்.

"ஏனுங், போவாதீங்க" என்றாள் ராமாத்தாள்.

"என்ன பண்றது ராமாத்தா" என்றார் அவர். இரண்டு பொத்தானைப் போட்டபின் மறுபடியும், "என்ன பண்றது" என்றார்.

கடைக்கு லீவு விடும் நாட்களில் மட்டும் அவர் தெளிவாக இருந்தார். அப்படி வருஷத்தில் எட்டு நாள் உண்டு. அதில் ஒன்று ஆகஸ்ட் பதினைந்து, அன்றைக்குத்தான் கிராம சபையும் கூடும். கிராம சபையில் கடையை மூடத் தீர்மானம் போட்டால் மேலே அனுப்பியே ஆகவேண்டும் என்று ராமாத்தாள் கேட்டறிந்து வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சாமியானா போட்டிருந்தது. நுழைகிற இடத்தில் ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தை விரித்து வைத்து, வருகிறவர்களிடம் வருகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார், மேலே முக்கால் பக்கம் வெள்ளையாக இருந்தது. ராமாத்தாள் போட்டாள். பக்கத்தில் மருதாசலம், எட்டாவது வரை படித்தவர், முழுப் பெயரையும் நிறுத்தி எழுதினார்.

மிட்டாய் கொடுத்து முடிந்ததும் ராமாத்தாள் எழுந்து, கடையை மூடவேண்டும் என்று சொன்னாள். அவள் பேசும்போது யாரும் குறுக்கிடவில்லை. பிறகு மருதாசலம் எழுந்தார். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒடம்புக்கு முடியறதில்லீங்க. காத்தால எந்திரிச்சா நாப்பது பேரு தலைவலி எனக்கு இருக்குது. உங்கள ஆரையும் நான் குத்தஞ் சொல்லலீங்க. என்னிய உட்டுருங்க" என்றார். சாமியானாவுக்குள் அழாத பெண் இல்லை, ஆண்களில் சிலரும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள், அன்று கடை இல்லாததால் அந்த அழுகை அவர்களுடைய சொந்த அழுகை. சரஸ்வதி எழுந்து வந்து ஒரு கையால் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "அண்ணா, எங்கூட்டு விளக்கு உங்களாலதானுங் எரியுது" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். கிட்டுச்சாமி எங்கிருந்தோ ஒரு பொன்னாடை கொண்டுவந்து போர்த்தினார், அதற்கும் கை தட்டினார்கள், மருதாசலம் பொன்னாடைக்குள் நின்று இரண்டு கையையும் கூப்பினார், கூட்டம் முடிந்தது. கணவனும் மனைவியும் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். போகிற வழியில் அவர் கறிவேப்பிலைக் கன்று ஒன்றைப் பிடுங்கி வந்து வாசலில் நட்டுத் தண்ணீர் விட்டார். மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கடை திறந்தது.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் ராமாத்தாள் மாவட்ட அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பொறுமையான மனிதர். கோப்பை வரவழைத்துப் புரட்டி, ஒரு பக்கத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பொதுமக்கள் நலன் கருதி மூலக்காட்டுப்புதூரில் கடை தொடர்ந்து நடைபெறவும், அதில் திருவாளர் மருதாசலம் அவர்கள் தொடர்ந்து பணியாற்றவும் கிராம சபை ஒருமனதாகத் தீர்மானிக்கிறது என்று வெள்ளையாக இருந்த முக்கால் பக்கத்திலும் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"இது உங்க கையெழுத்துங்களாம்மா?"

"ஆமாங்க."

"இது?"

"எங்கூட்டுக்காரருதுங்க."

"மனுவக் குடுத்ததும் நீங்க, வாபஸ் வாங்குனதும் நீங்க, இதுல ஒப்புக்கிட்டதும் நீங்க. இப்ப மறுபடியும் நீங்களே வர்றீங்க. நான் எத எடுத்துக்கறது, சொல்லுங்க."

வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி மேலே எழுதுவது எப்படி என்று அவளுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. எழுதியவர் நல்லதென்று நினைத்துத்தான் எழுதியிருப்பார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. பேருந்தில் வரும்போது அவள் அழவில்லை, அழுதால் யாரிடம் சொல்லி அழுவது என்று யோசித்துக்கொண்டு வந்தாள், ஊர் வரைக்கும் ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

புரட்டாசியில் மருதாசலம் படுத்துக்கொண்டார். பாருக்கு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து முனியாண்டி என்று ஒருவர் வந்தார், வந்த முதல் நாளே "மருதாசலம், ரெண்டு டம்ளர்" என்று நான்கு மேசையிலிருந்தும் கூப்பிட்டார்கள். தன் பெயர் அது இல்லை என்று மூன்று நாள் சொல்லிப் பார்த்துவிட்டு நான்காம் நாள் அவர் திரும்பிப் பார்த்தார். அப்படித்தான் அந்தச் சொல் புழங்க ஆரம்பித்தது. பாரிலிருந்து டீக்கடைக்குப் போனது, அங்கிருந்து பந்திக்குப் போனது, வாங்கல் கொடுக்கல் உள்ள பக்கத்து ஊர்களுக்குச் சம்பந்திகளோடு போனது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருந்தவர் ஐந்தாவது வீதியில் பாயில் கிடந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, ஊரெல்லாம் தன்னைக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் சில நாள் ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் "வந்தனுங்" என்று எழுந்திருக்கப் பார்த்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

முனியாண்டி தண்ணீர்ப் பாக்கெட்டும் சுண்டலும் கொண்டுபோய் வைத்தார், அவ்வளவுதான். முதல் ஊற்றுக்கு வேறு யார் கையும் உதவாது என்பது ஆடியிலேயே தெரிந்த விஷயம். ஆகவே ஊர் வேறு ஒரு முறையைக் கண்டுபிடித்தது. பகல் பன்னிரண்டுக்குக் கடை திறந்ததும் பெண்கள்தான் போய்த் தங்கள் வீட்டு ஆளுக்கு வேண்டியதை வாங்கி, ஒயர் கூடையில் பாட்டிலும் தூக்குப்போசியுமாக ராமாத்தாள் வீட்டு வாசலில் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியாக உள்ளே போய், பாட்டிலை மருதாசலத்தின் கையில் கொடுத்து, விரல்களை அதைச் சுற்றி மடித்து, தன் கையால் தாங்கிக்கொண்டு போசிக்குள் சாய்த்தாள். கோணலாகக் கூடிய வலது கையால் சரஸ்வதி மற்றவர்களுக்கும் பிடித்துக் கொடுத்தாள். "சித்த பொறுத்துக்குங்கண்ணா, இன்னி எட்டுப் பேருதான்" என்பாள், சொட்டுச் சிந்தினால் முந்தானையால் அவர் மணிக்கட்டைத் துடைத்துவிடுவாள். அந்தக் கை அப்போதும் மட்டம் பிசகவில்லை.

ராமாத்தாள் ஒரு நாள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். வெளியே யாரும் கதவைத் தட்டவில்லை. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். ஒருத்தி அவள் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள், ஒருத்தி தொட்டியடியில் கிடந்த பாத்திரங்களைத் துலக்கினாள், ஒருத்தி கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விட்டாள், சரஸ்வதி மூன்று கல் கூட்டி ராமாத்தாளுக்கும் சேர்த்துச் சோறு வடித்தாள். அவர்கள் எல்லோருடைய கையிலும் முகத்திலும் இருந்த பழைய தழும்புகளை அவள் ஒவ்வொன்றாக அறிவாள், தை மாத மனுவில் யார் யாருக்கு எங்கே அடி என்று பட்டியலிட்டு எழுதியவள் அவள்தான். இரண்டு மணிக்கு எழுந்து தாழை எடுத்தாள்.

சாயங்காலமானால் குரல்கள் வந்தன. மருதாசலம் தன் குரலில் பேசிப் பல வாரம் ஆகியிருந்தது. ரங்கசாமியாக அழுதார், காளியண்ணனாகத் திட்டினார், உப்பில்லை என்றார், சாமியாடினார், செத்துப்போன ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி யாருக்காகவோ மன்னிப்புக் கேட்டார். பிறகு அதற்கு நேரம் காலம் இல்லாமல் போயிற்று, காலையிலும் வந்தன, ஊற்றும்போதே வந்தன. ராமாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு குரலாகக் கழித்துக்கொண்டே வந்தாள். இது இன்னார், இது இன்னார், இது தெற்கு வீதிக்காரர். எல்லோரும் பேசித் தீர்ந்த பிறகு கடைசியாக அவர் பேசுவார் என்று அவளுக்கு ஓர் எண்ணம். ஒரு வார்த்தை போதும், தண்ணி வேணும் என்றாலும் போதும் என்று குலதெய்வத்துக்குக் காசு முடிந்துவைத்திருந்தாள்.

ஐப்பசி மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை, பகல் ஒரு மணி இருக்கும். வாசலில் பதினான்கு பேர் வரிசையில் இருந்தார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மருதாசலம் கண்ணைத் திறந்து, தணிந்த குரலில், அவசரமில்லாமல், "மழை வராப்புல இருக்குது. துணி வெளிய கெடக்குதா பாரு. எடுத்து உள்ள போட்டுரு, நனஞ்சிரும்" என்றார்.

ராமாத்தாளுக்கு அந்தக் குரல் பிடிபடவில்லை. கேட்டது போலவும் இருந்தது, கேளாதது போலவும் இருந்தது. குடித்துவிட்டு இத்தனை மெதுவாகப் பேசுகிற ஆம்பளை இந்த ஊரில் யார், இது எந்த வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டிய பேச்சு, இதைக் கேட்டால் அந்தப் பெண் சந்தோஷப்படுவாளே என்று எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"இங்க வாங்க. புதுசா ஒரு கொரலு வருது. துணிய எடுத்துப் போடச் சொல்லுது. ஆரு வூட்டுக்காரருன்னு பாருங்க."

பெண்கள் கூடைகளை வைத்துவிட்டு நிலைப்படியில் நெருங்கி நின்று காது கொடுத்தார்கள். உள்ளே அவர் மறுபடியும் அதையே சொன்னார். "கொடியில உன்ற சீல கெடக்குது பாரு."

"எங்கூட்டுது இல்லீங்க்கா" என்றாள் முதலாமவள். "எங்கூட்டுக்காரரு துணியப் பத்தி என்னிக்குப் பேசுனாரு, துணியில்லாம வந்தாத்தான் உண்டு."

யாரோ சிரித்தார்கள். அடுத்தவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். லாரிக்காரர் மனைவி இல்லை என்றாள். தெற்கு வீதிக்காரி, தன் வீட்டுக்காரருக்கு மழை வருவதே தெரியாது என்றாள். சரஸ்வதி கொஞ்ச நேரம் கூர்ந்து கேட்டாள், அந்தக் குரல் தனக்காக இருந்தால் நன்றாயிருக்கும் என்பது போல இன்னொரு முறையும் கேட்டாள், பிறகு, "இது எங்க ஆருதும் இல்லீங்க்கா" என்றாள். பதினான்கு பேரும் இல்லை என்று சொல்லி முடித்தார்கள். ஒருத்தியும் ராமாத்தாளின் முகத்தைப் பார்க்கவில்லை. பெரிய பெரிய துளியாக மழை இறங்கி, கொடியில் கிடந்த அவளுடைய நீலச் சேலையில் புள்ளி புள்ளியாக விழுந்தது.

அவள் உள்ளே ஓடினாள். அதற்குள் அவர் காளியண்ணன் குரலில், முன்னால் நிற்கிற வண்டியை நகர்த்தச் சொல்லி, கையை வீசி, யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.